ஆன்லைனில் தஞ்சாவூர் படம் வாங்கும்போது "22 காரட் தங்க ரேக்கு" என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

பனசங்கரி_வாசகி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் வீட்டு பூஜை அறைக்கு 18க்கு 24 அங்குலத்தில் ஒரு நவநீத கிருஷ்ணன் தஞ்சாவூர் படம் ஆன்லைனில் வாங்க வேண்டும். பார்த்த கடைகள் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: "22 காரட் தங்க ரேக்கு, ஜெய்ப்பூர் கற்கள், ஒரிஜினல் கைவேலை". ஆனால் ஒரே அளவு படத்துக்குக் கடைக்குக் கடை விலை மூன்று மடங்கு வரை ஏறி இறங்குகிறது.

போட்டோவை மட்டும் பார்த்து அசல் ரேக்கா (ஒட்டும் மெல்லிய தங்கத் தகடா), ஜிகினாவா என்று சொல்ல முடியுமா? ஒரே படம் போனில் எலுமிச்சை மஞ்சளாகவும் லேப்டாப்பில் செம்பு கலந்த மாதிரியும் தெரிகிறது, எதை நம்புவது? படம் வந்த பிறகு சிக்பேட்டையில் நகைக்கடை காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கலாமா? இன்னொன்று, ஃபிரேம் போட்டே அனுப்பச் சொல்வதா, படத்தை மட்டும் வாங்கி இங்கே ஃபிரேம் போடுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரேக்கு_வேலை:

மேடம், முதலில் அந்த "22 காரட்" எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தஞ்சாவூர் படத்துக்கு ஒட்டும் ரேக்கு வழக்கமாக முழுத் தங்கம் கிடையாது. மெல்லிய வெள்ளித் தகட்டின் மேல் தங்கப் பூச்சு. அந்த மேல் பூச்சின் தரத்தைத்தான் 22 காரட் என்கிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, இந்தத் தொழிலில் சரக்கே அப்படித்தான் வருகிறது. நேர்மையான விற்பனையாளர் கேட்டால் வெளிப்படையாகச் சொல்வார். "முழுக்கத் தங்கத் தகடு" என்று அடித்துச் சொல்பவரிடம்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

போலியில் மூன்று வகை பார்க்கலாம். ஒன்று பித்தளை ரேக்கு, அதாவது செம்பும் துத்தநாகமும். புதிதில் அசலைவிடப் பளிச்சென்று இருக்கும், காற்றும் ஈரமும் பட்டதும் பழுப்பேறி, ஓரங்களில் பச்சை தட்டும். இரண்டாவது பிளாஸ்டிக் படலத்தில் உலோகப் பூச்சு கொடுத்த ஜிகினா. மூன்றாவது வெறும் கோல்டு அக்ரிலிக் பெயின்ட். "ஆன்டிக் ஃபினிஷ்", "தஞ்சாவூர் ஸ்டைல்", "கோல்டன் வொர்க்" என்று விளக்கத்தில் எழுதி, ரேக்கு என்ற சொல்லையே காணோம் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

நிறத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், ஓரத்தைப் பாருங்கள். வேலை நடக்கும் வரிசை தெரிந்தால் எதைத் தேடுவது என்று புரியும். பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சாக்பவுடரும் பசையும் கலந்து பூசி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பிறகு கோட்டுப் படம். நகை, தூண், திருவாசி வரும் இடங்களில் கற்களைப் பதித்து, சுற்றி மக்கு (சாக்பவுடரும் பசையும் குழைத்த கெட்டிக் கலவை) வைத்து மேடு எழுப்புவார்கள். அது காய்ந்ததும் ரேக்கு. வண்ணம் கடைசியில்தான் வரும். அதனால் அசல் வேலையில் வண்ணம் ரேக்கின் விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், சிவப்போ கறுப்போ எல்லைக் கோடு தங்கத்தின் மேல் ஓடும். கோல்டு பெயின்ட் என்றால் நேர் எதிர். உடம்பின் நீலத்துக்கு மேலே தங்கம் வழிந்து நிற்கும்.

இன்னும் கிட்டே போனால் இரண்டு விஷயம் தெரியும். ரேக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு தாள்களாகத்தான் வருகிறது, நடுவில் பட்டர் பேப்பர் வைத்துப் புத்தகம் மாதிரி கட்டியிருப்பார்கள். ஆகவே திருவாசி, மண்டபத் தூண் போன்ற பெரிய பரப்பில் ஒரு தாள் முடிந்து அடுத்தது ஏறும் இடத்தில் மயிரிழை அளவு ஒட்டுக்கோடு கட்டாயம் இருக்கும். ஒரு தையல்கூட இல்லாமல் 24 அங்குல நீளத்துக்குத் தங்கம் பாய்ந்திருந்தால் அது ரோல் ஜிகினா அல்லது பெயின்ட். இரண்டாவது, கல்லைச் சுற்றிய பள்ளம். மக்கு மேட்டின் மேல் ரேக்கை அழுத்தி, குச்சி முனையால் கல்லின் அடிவரை இறக்கிவிடுவார்கள். அங்கே நுண்ணிய சுருக்கங்கள் கல்லை நோக்கி ஓடும். பிளாஸ்டிக் படலம் அப்படி மடங்காது, பள்ளத்தின் குறுக்கே பாலம் போட்ட மாதிரி விறைத்து நிற்கும், நாளடைவில் அங்கிருந்துதான் உரிய ஆரம்பிக்கும்.

கேமரா_கோணம்:

போட்டோ கேள்விக்கு நான் சொல்கிறேன். உலோகத்துக்குப் பெயின்ட் மாதிரி நிலையான நிறம் கேமராவில் கிடையாது. எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பிரதிபலிக்கும். வெள்ளைச் சுவர் எதிரில் இருந்தால் வெளிறும், மஞ்சள் பல்பு இருந்தால் சிவக்கும், இருட்டு அறையில் கிட்டத்தட்ட பழுப்பாகவே விழும். அதற்கு மேல் கேமராவின் ஒயிட் பேலன்ஸ், அதற்கும் மேல் உங்கள் திரை. போனில் "விவிட்" மோடு இருந்தால் மஞ்சள் எகிறும், லேப்டாப்பில் "நைட் லைட்" ஓடினால் எல்லாமே செம்பாகும். இரண்டிலும் அதை அணைத்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பாதி குறையும், ஆனாலும் காரட்டைத் திரை சொல்லாது.

எனவே போட்டோ கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள். எப்படி எடுக்க வேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்புவது நல்லது. கண்ணாடி போடாத படத்தை நிமிர்த்தி வைத்து, அறை விளக்குகளை அணைத்து, ஒரு போன் டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். டார்ச்சை மெல்ல மேலிருந்து கீழ் நகர்த்தினால் மேடுகளின் நிழல் நீளும், தங்கத்தின் பளபளப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து போகும். அச்சடித்த தங்கத்தில் பளபளப்பு படத்திலேயே வரைந்திருக்கும், டார்ச் எங்கே போனாலும் நகராது. கோல்டு பெயின்ட் பொடிப்பொடியாக மினுக்கும், ரேக்கு தகடாக ஒரே வீச்சில் மின்னும். இந்த ஒரு சோதனையிலேயே சந்தேகத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மூன்று இடங்களை நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள்: கிரீடம், தூணின் விளிம்பு, முகம். ஜூம் செய்யாமல் கேமராவையே பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். டிஜிட்டல் ஜூம் நுண்கோடுகளைக் குழைத்துவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி மங்கிப்போகும், "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஆர்டர் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஓரத்தில் வைத்து எடுத்தால், அது உங்களுக்கு வரப்போகும் படம்தான் என்று உறுதி.

முகத்தை ஏன் சொன்னேன் என்றால், இப்போது கேன்வாஸில் படத்தை அச்சடித்துவிட்டு நகைகளுக்கு மட்டும் உண்மையான மேடும் ரேக்கும் வைத்துக் கொடுக்கிறார்கள். தங்கத்தை மட்டும் சோதித்தால் அது அசல் என்றே வரும். கன்னத்து நிழலையும் வேட்டி மடிப்பையும் 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பில் (நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். கைவேலை என்றால் தூரிகை இழுத்த கோடு தொடர்ச்சியாக இருக்கும். அச்சு என்றால் நீலம், ரோஜா, மஞ்சள் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்.

கூகுள் லென்ஸில் தேடினால் அதே படம் பத்து கடைகளில் வரும். அதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். ஆர்டர் வந்த பிறகு வரைபவர்கள் பழைய மாதிரிப் படத்தையே போடுவது வழக்கம். அவர்கள் வேறு படங்களையும் தங்கள் பட்டறையில் எடுத்துக் காட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி.

எக்ஸ்ரே_மீட்டர்:

காரட் மீட்டர் பற்றி. பார்க்கலாம், ஆனால் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது எக்ஸ்ரேயைப் பொருளின் மேல் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரை வைத்து எந்த உலோகம் எவ்வளவு என்று கணக்கிடும். நகைக்கடை மீட்டர் தன் முன்னால் இருப்பது உள்வரை ஒரே கலவையான கெட்டி உலோகம் என்று நினைத்துத்தான் சதவீதம் போடும். 22 காரட் வளையலுக்கு 91.6 காட்டும். ரேக்கோ அத்தனை மெல்லியது, எக்ஸ்ரே தங்கப் பூச்சைத் தாண்டி வெள்ளியையும் தாண்டி அடியில் உள்ள மக்கு வரை போய்விடும். அதனால் திரையில் வெள்ளி அதிகமாகவும் தங்கம் அதைவிடக் குறைவாகவும் வரும். உடனே "22 காரட் இல்லையே" என்று விற்பனையாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தங்கமும் வெள்ளியும் சேர்ந்து தெரிந்தால் ரேக்கு வகை சரி. செம்பும் துத்தநாகமும் வந்தால் பித்தளை. இரண்டுமே இல்லை என்றால் ஜிகினா அல்லது பெயின்ட். இதற்கு மேல் அந்த மீட்டரிடம் எதிர்பார்க்க முடியாது. பூச்சின் காரட்டை அது சொல்லாது.

நடைமுறைச் சிக்கல் இரண்டு. மீட்டரின் அறை சின்னது, 24 அங்குலப் பலகை உள்ளே போகாது. கையில் பிடிக்கும் துப்பாக்கி வகை மீட்டர் இருந்தால் உண்டு. ஃபிரேம் போட்ட படத்தில் அதுவும் பயன்படாது, தங்கத்திலிருந்து வரும் கதிரை 3 மில்லிமீட்டர் கண்ணாடியே விழுங்கிவிடும்.

ஆகவே படத்தைத் தூக்கிக்கொண்டு சிக்பேட்டைக்கு அலைய வேண்டாம். வேலையில் மிஞ்சிய ரேக்குத் துணுக்கு ஒன்றை, நகக்கண் அளவு போதும், பட்டர் பேப்பரில் மடித்துப் பார்சலோடு வைக்கச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டும் வேலை என்பதால் துணுக்கு இல்லாமல் இருக்காது. அதில் சின்னத் துண்டைச் சாமணத்தில் பிடித்து விளக்குச் சுடரில் காட்டினால் பிளாஸ்டிக் ஜிகினா சுருண்டு உருகும், உலோகம் என்றால் அப்படிச் சுருளாது. இன்னொரு துண்டை நகரத்பேட்டைப் பக்கம் நகைப் பட்டறையில் கொடுத்து நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பித்தளை என்றால் பச்சையாகக் கரைந்து காணாமல் போகும். அசல் ரேக்கு என்றால் வெள்ளி கரைந்து, தங்கத் தோல் மட்டும் சல்லாத்துணி மாதிரி மிதக்கும். அமிலத்தை வீட்டில் தொடவே வேண்டாம், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். துணுக்கும் படமும் ஒரே ரேக்குதானா என்பதற்கு, இரண்டையும் பக்கத்தில் வைத்து லூப்பில் பளபளப்பையும் சுருக்கத்தையும் ஒப்பிடுவதுதான் வழி.

ஹால்மார்க் எண் கேட்டுப் பயன் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்ற ஹால்மார்க் அடையாளக் குறியீடு நகைக்கும் தங்கப் பொருளுக்கும் உரியது, ஓவியத்தில் ஒட்டிய ரேக்குக்குக் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

பனசங்கரி_வாசகி:

மிக்க நன்றி, வீடியோ விவரத்தை அப்படியே நகலெடுத்து இரண்டு கடைகளுக்கு அனுப்பிவிட்டேன். ஒருவர் "ஜிஐ டேக் சர்டிபிகேட் தருகிறோம், வீடியோ எதற்கு" என்கிறார். அது போதுமா? பலகை "பிளைவுட்" என்று மட்டும் போட்டிருக்கிறது, பலாப்பலகைதான் அசல் என்கிறார்களே?

ரேக்கு_வேலை:

போதாது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருப்பது உண்மை. ஆனால் அது ஊரையும் செய்முறையையும் பற்றியது, ரேக்கின் தரத்தை யாரும் அதில் அளந்து சொல்வதில்லை. அந்தப் பெயரைப் பயன்படுத்தப் பதிவு செய்தவர்கள் பட்டியல் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் இருக்கும், பதிவகம் சென்னையில்தான். விற்பவர் பெயரோ, வரைபவர் பெயரோ அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். கடையே அச்சடித்துக் கொடுக்கும் "ஆத்தென்டிசிட்டி" அட்டைக்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை.

பலகை விஷயத்தில் பலாவுக்காக அடம்பிடிக்க வேண்டாம். பழைய படங்கள் பலாப்பலகையில் செய்தவை, அதனால்தான் பலகைப் படம் என்றே பெயர். இன்று கனமான நல்ல பிளைவுட் எளிதில் வளையாது. எந்தப் பிளைவுட் என்று கேளுங்கள். சாதா எம்.ஆர். ரகம் ஈரம் பட்டால் உப்பும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை என்றால் நிம்மதி. 18க்கு 24 அளவுக்கு 12 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். 6 மில்லிமீட்டர் பலகை ஒரு பக்கம் மட்டும் ஈரமான பூச்சு வாங்குவதால் வில்லாக வளையும், அது வளையும்போது மேலே உள்ள சாக்பவுடர் பூச்சு வளைய முடியாமல் வெடிக்கும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டவே வேண்டாம்.

மேடு உயரமாக இருந்தால் உயர்ந்த வேலை என்று நினைக்காதீர்கள். ஒரே தடவையில் தடிமனாக மக்கு வைத்தால் வெளித்தோல் முதலில் காய்ந்து உள்ளே பிறகு சுருங்கும், ஆறு மாதத்தில் தூணின் குறுக்கே மயிர்க்கோடு விழும். மெல்லிய அடுக்காக வைத்து ஒவ்வொன்றும் காய விடுவதுதான் முறை. கற்கள் மக்குக்குள் பதிந்திருக்க வேண்டும். ரேக்கின் மேல் சும்மா ஒட்டிய கல் கூரியர் குலுக்கலிலேயே உதிரும்.

இன்னொன்று: பெங்களூரில் எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் பார்ப்பது மைசூர் ஓவியம். அதில் மேடு மிகத் தாழ்வு, ரேக்கு இன்னும் மெல்லியது, கற்கள் பெரும்பாலும் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு தஞ்சாவூர் படத்தை எடைபோட வேண்டாம், இரண்டும் வேறு வேறு மரபு. இரண்டையும் கிட்டே வைத்துப் பார்க்க ஜனவரியில் சித்ரகலா பரிஷத் எதிரே நடக்கும் சித்ர சந்தை நல்ல இடம், வரைந்தவர்களிடமே கேட்கலாம்.

சட்டம்_கண்ணாடி:

ஃபிரேம் போடாமல் வாங்குங்கள். காரணம் எடைதான். 18க்கு 24 அளவில் 12 மில்லிமீட்டர் பிளை சுமார் 2 கிலோ. மூன்று அங்குலத் தேக்கு ஃபிரேம் ஒரு 3 கிலோ, 3 மில்லிமீட்டர் கண்ணாடி இன்னொரு 2 கிலோ. ஆக 7 கிலோ. கூரியர் அதோடு விடாது, பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அந்த எண் எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் காசு வாங்கும். ஃபிரேமோடு பெட்டி 71, 86, 13 என்று வந்தால் கணக்கு 16 கிலோவுக்குப் போகும். ஃபிரேம் இல்லாமல் 53, 69, 8 என்றால் 6 கிலோவுக்குள் முடியும்.

பணத்தைவிடப் பெரிய காரணம், வழியில் கண்ணாடி உடைந்தால் அதன் சில்லு ரேக்கைக் கீறும். கீறிய ரேக்கைத் திட்டுத் திட்டாகத்தான் ஒட்ட முடியும், அந்த இடம் எப்போதும் தெரியும். ஃபிரேமோடுதான் அனுப்புவோம் என்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் கேளுங்கள்.

படத்தின் மேல் முதலில் பட்டர் பேப்பர், பிறகு நான்கு மூலையிலும் மேட்டைவிட உயரமான தெர்மாகோல் கட்டை, அதன் மேல் கெட்டி அட்டை. பபுள் ஷீட் படத்தின் முகத்தைத் தொடவே கூடாது. வெயிலில் நின்ற வண்டிக்குள் சூடேறினால் குமிழ்களின் வட்டத் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும்.

இங்கே ஃபிரேம் போடும்போது கடைக்காரர் கண்ணாடியைக் கற்களின் மேல் ஒட்டி வைத்து ஆணி அடிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். மிக உயரமான கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை அங்குலமாவது இடைவெளி வருமாறு உள்பட்டி வைத்து பாக்ஸ் ஃபிரேம் போடச் சொல்லுங்கள். பின்பக்கம் மூலைகளில் கார்க் வில்லை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டிய படங்கள் முதுகுப் பக்கம் பூஞ்சை பிடிப்பது இந்தக் காற்று இல்லாததால்தான்.

பில்_முக்கியம்:

பணம் கட்டுமுன் பில்லில் என்ன எழுதி வரும் என்று கேளுங்கள். "தஞ்சாவூர் பெயின்டிங், 1" என்று வந்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. "கையால் வரைந்தது, 22 காரட் பூச்சு வெள்ளி ரேக்கு, மரைன் பிளை 12 மி.மீ., 18க்கு 24 அங்குலம்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து ஆரம்பித்து வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பிரச்சினை என்றால் முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். விற்பவர் தஞ்சாவூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இன்ஸ்டாகிராமில் பேசி யூபிஐ-யில் நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் நடுவில் தளம் இருக்காது, அப்போது அந்தப் பில் ஒன்றுதான் உங்கள் பலம்.

பனசங்கரி_வாசகி:

ஒரே ஒரு சந்தேகம். வெள்ளியின் மேல் பூச்சு என்றால் பூஜை அறையில் கறுக்காதா?

ரேக்கு_வேலை:

தங்கம் கறுக்காது. பூச்சில் ஊசிமுனைத் துளை இருக்கும் இடத்திலும், ரேக்கை வெட்டிய விளிம்பிலும் அடியில் உள்ள வெள்ளி வெளியே தெரியும். காற்றில் உள்ள கந்தகம் பட்டு அங்கே மிளகுப் பொடி தூவிய மாதிரி புள்ளி வரலாம். இதை வைத்துப் போலி என்று சொல்லக் கூடாது. பித்தளை அப்படிப் புள்ளியாக வராது, பரப்பு முழுக்க மங்கும்.

கண்ணாடியின் உள்விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி மூடினால் புகை உள்ளே போவது வெகுவாகக் குறையும். விளக்குக்கும் ஊதுபத்திக்கும் நேர் மேலே மாட்டாமல் பக்கச் சுவரில், வெயில் விழாத இடத்தில் மாட்டுங்கள். கற்பூரப் புகைக்கரி கண்ணாடியில் படியும், அதைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீரோ கிளீனரோ தெளித்தால் ஃபிரேம் இடுக்கு வழியாக இறங்கி சாக்பவுடர் பூச்சை ஊற வைத்துவிடும், துடைத்தே ஆக வேண்டும் என்றால் துணியில் நனைத்துத் துடையுங்கள்.